இரவல் அட்டிகை

என் கணவரின் கடை போனபோது, அதைச் சொல்ல ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள். சிராங்கூன் சாலை நகைக்கடைக்காரர்கள் திவால் என்றார்கள். தேக்கா மார்க்கெட்டில் கறிவேப்பிலை விற்றவள், என் காதில் விழட்டும் என்றே, "நொடிச்சுப் போயிட்டாங்களாம்" என்று பக்கத்துக்காரியிடம் சொன்னாள். ஊரிலிருந்து என் அண்ணன் எழுதிய கடிதத்தில், மாப்பிள்ளை மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம் என்று இருந்தது. கோர்ட்டிலிருந்து வந்த காகிதம் வெள்ளையாகத்தான் இருந்தது. நான் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியில் வைத்தேன்.

இன்னும் இருந்தன. கையைத் தூக்கிவிட்டார், போண்டியாகிவிட்டார், ஊருக்கே பட்டை நாமம் போட்டுவிட்டார். இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாமம் போட்டது யார்? இரண்டு வருஷம் அரிசியும் பருப்பும் கடனுக்கு வாங்கித் தின்றுவிட்டு, எங்கள் கடையைப் பார்த்தால் வேறு சந்து வழியாகச் சுற்றிப் போனார்களே, அவர்களா, இவரா? பக்கத்துக் கடைச் சீன முதலாளி, தவுக்கே என்போம், அவர் மட்டும் என்னிடம் மலாயில், "கெடாய் சுடா ஜாத்தோ லா" என்றார். கடை விழுந்துவிட்டது என்று அர்த்தம். அவர்கள் பாஷையிலும் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்கு அது பரவாயில்லை என்று தோன்றியது. அதில் யார் மேலும் பழி இல்லை.

இவர் எந்தச் சொல்லையும் சொல்லவில்லை. "இனிமே வெள்ளென எந்திரிக்க வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். மறுநாளும் ஐந்து மணிக்கே எழுந்து, போவதற்கு இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பதுகளின் கடைசி அது. சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் மளிகைக்கடை. கீழே கடை, மேலே ஒரே அறையில் நாங்கள் இரண்டு பேர். பிள்ளை இல்லை. கடை மூலையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதில் எங்கள் பணம் இருந்ததைவிட மற்றவர்கள் பொருள் இருந்ததுதான் அதிகம். கப்பலேறி ஊருக்குப் போகிறவர்கள், நகையையோ பணத்தையோ துணியில் முடிந்து இவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்வார்கள். ரசீது கிடையாது. எழுதிக் கொடுக்கிறேன் என்று இவர் சொன்னால், "என்னண்ணே, நமக்குள்ள சீட்டா?" என்று கோபித்துக்கொள்வார்கள். முடிச்சை அவரவரே போடுவார்கள். எந்த முடிச்சு யாருடையது என்று இவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்.

அப்படி ஒரு முடிச்சைக் கொண்டுவந்தவள், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவரின் மனைவி. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். என்னை அக்கா என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் அம்மாவுக்கு ஊரில் உடம்பு மோசம் என்று தந்தி வந்திருந்தது. கிழிந்த கைலித் துணியில் சுற்றி ஓர் அட்டிகையைக் கொண்டுவந்தாள். இவள் கல்யாணத்துக்கு அம்மா தன் கழுத்திலிருந்து கழற்றிப் போட்டது. சிவப்புக் கல் அட்டிகை. நடுக்கல்லுக்கு அடுத்த ஒரு கல் மட்டும் பச்சை. ஒரு தடவை கல் விழுந்துவிட, ஆசாரியிடம் அன்றைக்குச் சிவப்பு இல்லையென்று பச்சையை வைத்துக் கட்டிவிட்டாராம்.

"போட்டுட்டுப் போனா அண்ணனுங்க பங்கு கேப்பாங்கக்கா. இங்கயே இருக்கட்டும்" என்றாள். என் கழுத்தைப் பார்த்தாள். அப்போது அதில் தாலிக் கயிறு மட்டும்தான் இருந்தது. உடனே, "சும்மா பெட்டியில தூங்கறதுக்கு நீங்க வேணும்னா போட்டுக்கங்க. உங்க கழுத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றாள்.

நம் ஆட்கள் இப்படிச் சொல்வது வழக்கம். சாப்பாட்டு நேரத்தில் யாராவது வந்தால் சாப்பிடுங்க என்கிறோம், வந்தவர் இருக்கட்டும் என்கிறார். அது உபசாரம். அந்த உபசாரத்தை எடுத்து மாட்டிக்கொண்டவள் நான்.

என் கழுத்து அந்த ஒரு வருஷத்தில்தான் காலியானது. முதலில் வளையல், பிறகு இரட்டை வடச் சங்கிலி, கடைசியாகக் காசுமாலை. எல்லாம் சீனன் அடகுக்கடைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டன. துறைமுகத்தில் வேலை இல்லாமல் கிடந்த மாதங்களில் ஜனங்கள் கடனுக்கு வாங்கினார்கள், இவர் கொடுத்தார். கொடுக்காமல் என்ன செய்வது, பிள்ளைகுட்டிக்காரர்கள் என்றார். எங்களுக்குச் சரக்கு போட்ட மொத்த வியாபாரிக்கு மட்டும் யாரும் பிள்ளைகுட்டிக்காரர்களாகத் தெரியவில்லை. பழைய பாக்கியில் ஒரு பங்காவது வந்தால்தான் புதுச் சரக்கு என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில் அந்த மொத்த வியாபாரி வீட்டிலேயே ஒரு கல்யாணம். போகாமல் இருந்தால், கடை ஆட்டம் கண்டுவிட்டது என்று நாமே தமுக்கடித்த மாதிரி. போனாலும் பெண்கள் முதலில் பார்ப்பது கழுத்தைத்தான். நான் எத்தனை பேர் கழுத்தைப் பார்த்து எத்தனை கடைகளை எடை போட்டிருக்கிறேன். எனக்குத் தெரியாதா?

பெட்டிச் சாவி என்னிடமும் ஒன்று இருந்தது. இவர் குளிக்கப் போன நேரத்தில் கைலித் துணி மூட்டையை எடுத்தேன். முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னால் அதை நன்றாகப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன், திரும்ப அதேபோலப் போட வேண்டுமே. கண்ணாடி முன்னால் நின்று அட்டிகையைப் பூட்டினேன். சொன்னபடியே என் கழுத்துக்கு எடுப்பாகத்தான் இருந்தது. இவர் குளித்துவிட்டு வந்து பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டார்.

கல்யாண வீட்டில் மொத்த வியாபாரியின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அட்டிகையை விரலால் தூக்கிப் பார்த்து, "புதுசா?" என்றாள்.

"ஆமா. இவரு வாங்கிக் குடுத்தாரு" என்றேன்.

அவ்வளவுதான். யோசிக்கவேயில்லை, அதுபாட்டுக்கு வந்துவிட்டது. அவள் புருஷன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அடுத்த வாரம் எங்கள் கடை வாசலில் லாரி வந்து நின்று அரிசி மூட்டைகளை இறக்கியது.

அதோடு விட்டேனா? கல்யாணத்திலிருந்து திரும்பும் வழியில் சாலையோரம் ஒரு போட்டோ ஸ்டூடியோ. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷமாக நாங்கள் ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணு எடுத்துக்கலாங்க" என்றேன். இவர் தயங்கினார். நான் பிடிவாதம் பிடித்தேன். ஆசை, வேறு காரணம் ஒன்றும் இல்லை. நான் நாற்காலியில், இவர் பின்னால் நின்று ஒரு கையை நாற்காலி முதுகில் வைத்துக்கொண்டு. படம் வந்ததும் சட்டம் போட்டு மேல் அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் நானே ஆணி அடித்து மாட்டினேன். அட்டிகையை அன்றைக்கே பெட்டியில் வைத்து, முடிச்சைப் பழையபடி போட்டுவிட்டேன்.

அந்த அரிசியும் கடனுக்குத்தான் போனது. நான்கைந்து மாதத்தில் எல்லாம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று விவரமாகக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் சந்தில் பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சு ஆரம்பித்த இரண்டே நாளில் பெட்டியில் முடிச்சு வைத்தவர்கள் எல்லாரும் வந்தார்கள். வழக்கமாக வந்தால் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டுத்தான் போவார்கள். அன்றைக்கு யாரும் உட்காரவில்லை. கடை முன் நடையில், அஞ்சடியிலேயே நின்று வாங்கி, அங்கேயே அவிழ்த்துப் பார்த்து, எண்ணிக்கொண்டு போனார்கள். பத்து வருஷமாகச் சீட்டு வேண்டாம் என்றவர்கள். இவர் ஒவ்வொரு மூட்டையாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வருமென்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கை கால் எல்லாம் யாருடையதோ போல இருந்தன.

கடைசியில் பெட்டியில் ஒரே ஒரு மூட்டை மிஞ்சியது. கைலித் துணி மூட்டை. அவள் ஊரில்தான் இருந்தாள். அம்மா இழுத்துக்கொண்டிருந்ததால் இரண்டு கப்பலை விட்டுவிட்டாள் என்று கேள்வி. அவள் புருஷனோ எங்கள் பக்கம் வரவேயில்லை. அவளே வைத்தது, அவளே வந்து எடுக்கட்டும் என்று இருந்துவிட்டார் போல.

"இத எடுத்து பக்கத்துக் கடைத் தவுக்கேகிட்ட குடுத்து வச்சிரலாமே" என்று நான் கேட்டேன்.

"அவங்க போட்ட முடிச்சு. அவங்க வந்து அவுக்கற வரைக்கும் வச்ச எடத்துலதான் இருக்கணும்" என்றார். முடிச்சு நான் போட்டது என்று அவருக்கும் தெரியும். மறு வாரம் கோர்ட்டிலிருந்து வந்து கடைக் கதவில் முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

சாமான்களைப் பட்டியல் எடுக்க ஒரு கிளார்க் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை முழுக்கால் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. மரியாதையான மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேல் அறைக்கு வந்தார். கடன்காரர் என்ற முறையில் மொத்த வியாபாரியும் கூடவே வந்திருந்தார். கிளார்க் கட்டிலை எழுதினார், பீரோவை எழுதினார். தையல் மெஷின் முன்னால் நின்று, "இது பிழைப்புக்கான சாமான், இது உங்களுக்கு" என்று விட்டுவிட்டார். அதற்குப் பிறகு கீழே போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார்கள். மூட்டையை அவிழ்த்து மேசை மேல் விரித்தார்கள்.

"இது ஆரின்ர நகை?" என்று கேட்டார் கிளார்க்.

"துறைமுகத்துல வேல செய்றவரு சம்சாரத்தோடது. ஊருக்குப் போயிருக்காங்க. பத்திரமா வச்சிருக்கச் சொல்லிக் குடுத்தாங்க" என்றார் என் கணவர்.

"துண்டு ஏதும் எழுதி வச்சிருக்கிறீங்களோ?"

"இல்ல சார். அந்த வழக்கம் இல்ல."

கிளார்க் சங்கடப்பட்டார். அட்டிகையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்போது மொத்த வியாபாரி சொன்னார். "இத நான் பாத்திருக்கேன் சார். எங்க வீட்டுக் கல்யாணத்துல இந்தம்மா போட்டிருந்தாங்க. எங்க வீட்டுக்காரம்மா கேட்டதுக்கு, இவரு வாங்கிக் குடுத்ததுன்னாங்க. மேல போட்டோவுலயும் இருக்கு, பாக்கலியா நீங்க? அதப் பாத்துட்டுத்தான் நான் சரக்கே அனுப்பினேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் அன்றைக்குப் பொய் சொல்லப்போவது நான் ஒருத்திதான்.

கிளார்க் மேலே போய் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். அட்டிகையைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசினார்.

"அம்மா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. இது உங்கட நகை எண்டால் பட்டியலில எழுதுவன், ஏலத்துக்குப் போகும், அவ்வளவுதான். வேற ஆக்களின்ர நகையைப் போட்டுக்கொண்டு, சொந்த நகை எண்டு சொல்லி, அதை நம்பி ஒருத்தர் கடனுக்குச் சரக்கு தந்திருந்தா அது வேற கதை. அது என்ர கையில இல்லை. பொலிஸுக்குப் போகும், உங்கட அவரைத்தான் கேப்பினம்."

நான் யோசிக்கவில்லை. யோசித்ததாக இப்போது சொன்னால் அது அலங்காரம். என் கணவர் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் சட்டைக் காலர் அழுக்காக இருந்ததைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துவைத்துப் போட்டிருக்கலாமே என்று தோன்றியது.

"என்னுதுதான்" என்றேன். "இவரு வாங்கிக் குடுத்தது. எனக்கு ஒண்ணாவது மிஞ்சட்டும்னு அடுத்தவங்களோடதுன்னு சொல்லிப் பாத்தாரு. தப்புதான், மன்னிச்சுக்குங்க."

இவர் என்னைப் பார்த்தார். உண்மையைச் சொன்னவரை ஒரு வாக்கியத்தில் பொய்யராக்கிவிட்டேன். அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கிளார்க் பேனாவைத் திறந்து எழுதினார். படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அதற்கு ஏலத்தில் விலை இல்லை.

அட்டிகை ஏலம் போனது. யார் எடுத்தார்கள் என்று பிறகு விசாரித்தேன். உருக்கியாகிவிட்டது என்றார்கள்.

நாங்கள் அதே சந்தின் கடைசியில், ஒரு வீட்டின் பின்கட்டில் அறை எடுத்துக்கொண்டு போனோம். அவள் கப்பல் வந்த செய்தி மூன்றாம் நாள் எனக்குத் தெரிந்தது. வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று தஞ்சோங் பகாருக்கு பஸ் ஏறினேன். துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பில் அவள் வீடு. வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். தலையில் எண்ணெய் இல்லை. அம்மா போய்விட்டாள் என்று நான் கேட்காமலே தெரிந்தது.

எனக்கு முன்பே யாரோ சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம், போட்டோ, கிளார்க், நான் சொன்ன பதில். பாடம் ஒப்பிப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"போட்டுக்கங்கன்னுதானக்கா சொன்னேன்" என்றாள். "உங்களுதுன்னு சொல்லிக்கச் சொல்லலியே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவர ஜெயில்ல போட்டுருப்பாங்க தங்கச்சி" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். புரிகிறது என்றா, போ என்றா, தெரியவில்லை. "அதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுத்துர்றேன்" என்றேன். அவள் பயறில் கல் பொறுக்கினாள். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் தையல் மெஷின். ரவிக்கை, தலையணை உறை, பள்ளிக்கூடச் சீருடை. ஜாலான் புசாரில் ஒரு தவுக்கே வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கொடுப்பார், தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று காசு. இவர் ஜூரோங்கில் புதிதாக வந்த தொழிற்சாலை ஒன்றில் சாமான் அறையில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பெனி லாரியில் போய் லாரியில் வருவார். திவாலானவர் தன் பெயரில் கடை வைக்க முடியாது, கடன் வாங்க முடியாது. வாங்கினால் நான் இன்னார் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் வாங்க வேண்டும். அவர் எதையும் வாங்கவில்லை. அந்த நகைப் பேச்சை நாங்கள் இருவரும் எடுக்கவேயில்லை. நான் ஒரு மைலோ டின்னில் தனியாகச் சேர்ப்பது அவருக்குத் தெரியும். சம்பள நாளில் சில சமயம் அந்த டின் கொஞ்சம் கனத்திருக்கும்.

ஆறாவது வருஷம் கோர்ட்டிலிருந்து இன்னொரு காகிதம் வந்தது. இதுவும் வெள்ளைதான். இனி இவர் திவாலானவர் இல்லை, விடுவித்தாயிற்று என்று அதில் இருப்பதாகப் படித்துச் சொன்னார்கள். இவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார். சாயங்காலம் சட்டையை ஊறப்போடும்போது நான்தான் எடுத்து வைத்தேன்.

அதே வருஷம் டின்னும் நிறைந்தது. ஆசாரியிடம் போய், சிவப்புக் கல் அட்டிகை, நடுவுக்கு அடுத்தாற்போல ஒரு பச்சை என்று சொன்னேன். "பச்ச எதுக்கும்மா? ஒரே செவப்பா இருந்தா லட்சணமா இருக்குமே" என்றார். பச்சை வேண்டும் என்று சண்டை போட்டுச் செய்து வாங்கினேன்.

அவர்கள் அப்போது குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிக்குக் குடிபோயிருந்தார்கள். ஆறாவது மாடி. அவள் கதவைத் திறந்து, "வாங்கக்கா" என்றாள். நான் துணியைப் பிரித்து அவள் கையில் வைத்தேன். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பச்சைக் கல்லை விரலால் தொட்டாள்.

"இது இந்தப் பக்கம் இல்லக்கா. அந்தப் பக்கம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அதை ஒரே ஒரு நாள் போட்டிருந்தேன். கண்ணாடியில் பார்த்தது அப்படியே மனதில் இருந்திருக்கிறது. போட்டோவில் எல்லாக் கல்லும் ஒரே கறுப்பு. ஆறு வருஷம் தைத்த காசில் கண்ணாடிக்குள் இருந்த அட்டிகையைச் செய்து கொண்டுவந்திருக்கிறேன்.

"மாத்திக் குடுத்துர்றேன்" என்று கையை நீட்டினேன்.

"வேணாங்க்கா. இருக்கட்டும்" என்று அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தாள். கழுத்தில் வைத்துக்கூடப் பார்க்கவில்லை. காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நான் பாதி குடித்திருக்கும்போது கேட்டாள்.

"அந்தப் போட்டோ வச்சிருக்கீங்களா?"

"இருக்கு."

"எங்கம்மாவுக்குப் படமே கெடையாதுக்கா. எடுக்கவே இல்ல. அவங்க மொகம்கூட இப்பல்லாம் சரியா வரமாட்டேங்குது. அட்டிகதான் ஞாபகம் வருது. அத எனக்குக் குடுப்பீங்களா?"

எங்களுக்கும் அது ஒன்றுதான் படம். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அந்த நாளுக்குப் பிறகு அட்டிகையைப் பற்றி நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் எழுந்து போய்ப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். ஒரு தடவை பார்த்தார்.

"முடி நல்லாத்தான் இருந்திருக்கு எனக்கு" என்றார். செய்தித்தாளில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முகத்தையும் இவரையும் வெட்டிவிட்டு அட்டிகையை மட்டும் வைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வெட்டினால் வெட்டட்டும் என்றும் இருந்தது.

ஒரு வருஷம் கழிந்திருக்கும். அவளுடைய மகளுக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்திருந்தேன், கொடுக்கப் போனேன். காலை நேரம், கதவு திறந்தே இருந்தது. சாம்பிராணி வாசனை வந்தது. கூடத்துச் சுவரில் முழுசாக அந்தப் படம். நான் நாற்காலியில், இவர் பின்னால். படத்துக்கு ஒரு முழம் மல்லிகை போட்டிருந்தாள். கீழே இலையில் சோறும் வடையும். கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். என் நெற்றியில் இல்லை, கழுத்தில், அட்டிகையின் மேல்.

உயிரோடு இருக்கிறவர்கள் படத்துக்குப் பூப் போடலாமா? என்னை விடுங்கள், பின்னால் இவர் நிற்கிறாரே. இந்நேரம் ஜூரோங்கில் லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பாரே. அத்தனை வருஷமாக மரத்துக் கிடந்தவளுக்கு அந்த ஒரு நிமிஷம் பயம் வந்தது, நிஜமான பயம். பூவை எடு தங்கச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு பேர் உயிர், எடுத்துவிடு.

அவள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை, மறைக்கவும் இல்லை.

"எங்கம்மா தெவசம்க்கா இன்னிக்கு" என்றாள். "வாங்க, வந்து கும்பிட்டுக்கங்க."

அவள் கற்பூரம் ஏற்றினாள். நான் சீருடைக் கட்டைக் கீழே வைத்துவிட்டு, என் படத்துக்கு முன்னால் நின்று கைகூப்பினேன்.